புகார் எண் 4471: முகங்கள் பச்சையாகத் தெரிகின்றன

ஹெதர்டன் தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் இருபத்தாறு ஆண்டுகளாக இலையின் நிறம் பார்த்துவந்த நாகரத்தினத்துக்கு நிறமே தெரியாது என்பதைக் கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கண்டுபிடித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், சான்றிதழிலேயே அது அச்சாகியிருந்ததுதான்.

அவருடைய வேலையைச் சொல்வது எளிது. நசுக்கிய கொழுந்தைத் தட்டுகளில் பரப்பிவைத்தால் காற்றுப் பட்டுப் பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். சரியான செம்பு வந்த நிமிடத்தில் தட்டுகளை உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேநீர் துவர்க்கும். பிந்தினால் சப்பென்று போகும். அந்த நிமிடம் மழை நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்று, மேலே கியா பார்ம் மலைப் பக்கமிருந்து பனி இறங்கும் நாளில் இன்னொன்று. நாகரத்தினம் தட்டின் முன்னால் நின்று பார்ப்பார். "ஏத்து" என்பார். ஏற்றுவார்கள். இதற்கு மேல் அவர் வேலை நேரத்தில் அதிகம் பேசியதாகத் தகவல் இல்லை.

இப்படி ஒரு முக்கியமான காரியம் ஒரு மனிதரின் கண்ணை மட்டும் நம்பி நடப்பது கோலாலம்பூரில் பத்தொன்பதாவது மாடியில் இருக்கும் தலைமையகத்தைக் கவலைக்குள்ளாக்கியது. அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த டிஜிட்டல் மாற்றப் பிரிவு, 'நிறம் சார்ந்த பணி'யில் இருப்பவர்கள் அனைவருக்கும் பரீட்சை வைப்பதென்று முடிவெடுத்தது. ஹெதர்டனில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாகரத்தினம். மற்றவர் அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்வதற்கென்று காகிதத்தில் மட்டும் நியமிக்கப்பட்டிருந்த மகேன். நாகரத்தினம் விடுப்பில் போனதே இல்லையாதலால், நாற்பது வயது மகேன் கொழுந்து லாரியிலிருந்து சாக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

பரீட்சைக்கென்று ஒரு லேப்டாப் மலையேறி வந்தது. தோட்டத்துக் கோயிலில் வைத்துப் பூசை போட்டார்கள். மேனேஜர் புவனேஸ்வரன் ரிப்பன் வெட்டினார். லேப்டாப்புக்கு மாலை போட்டு எடுத்த படம் கம்பெனியின் செய்தி மடலில் வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் ஒருவரும் இல்லாத நேரத்தில், லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அது மடலில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நாகரத்தினம் குளித்து, விபூதி பூசி, ஆபீசில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். இருபது நிமிடக் காணொளி. அதன்பின் முப்பது கேள்விகள். திரையில் கோட் அணிந்த ஒருவர் தோன்றி வணக்கம் சொன்னார். அவர் முகம் வெண்டைக்காய்ப் பச்சையாக இருந்தது. உதடு நீலம். உடம்பு மூங்கில் தட்டியைப் போலக் கீற்றுக் கீற்றாகப் பிரிந்திருந்தது. அவர் நடந்தபோது இடுப்புக்கு மேலே முதலில் போனது; கால்கள் சற்றுத் தாமதித்துப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன.

நாகரத்தினம் எதிர் மேசையில் கூலிக் கணக்கான செக்ரோலை எழுதிக்கொண்டிருந்த ஆபீஸ் கிராணி டெஸ்மண்டைக் கூப்பிட்டார். "கிராணியாரே, இந்த ஆளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மூஞ்சி பச்சையா இருக்கு."

டெஸ்மண்ட் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க என்னா பாக்குறீங்களோ அத போடுங்கண்ணே. மேல எழுதியிருக்குல்ல?"

எழுதியிருந்தது. 'நீங்கள் காண்பதை மட்டுமே குறிப்பிடவும். ஊகிக்க வேண்டாம்.' இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்டதை மட்டுமே சொல்லிப் பழகியவருக்கு இந்த நிபந்தனை பிடித்துப்போனது. பாதுகாப்புத் தொப்பி ஊதா என்று குறித்தார். தீயணைக்கும் கருவி நீலம். ஆரோக்கியமான மனிதனின் முகம் பச்சை. கோப்பையில் இருக்கும் தேநீர் என்ன நிறம் என்ற கேள்வியில் மட்டும் சற்றுத் தயங்கினார்; திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்; பெருமூச்சு விட்டுவிட்டு 'ஊதா' என்று அழுத்தினார்.

முப்பதுக்கு இரண்டு வந்தது. கறுப்புக் காலணிக்கு ஒன்று, வெள்ளைச் சுவருக்கு ஒன்று.

அச்சு இயந்திரம் சான்றிதழைத் துப்பியது. 'நிறப் பார்வைக் குறைபாடு: கடுமையானது. நிறம் சார்ந்த பணியிலிருந்து இக்கணமே விடுவிக்கப்படுகிறார். மேல்முறையீட்டுக் காலம் முப்பது நாள். அதன்பின் இம்முடிவு நிரந்தரமாகும்.'

அடுத்து மகேன் உட்கார்ந்தான். முப்பதுக்கு முப்பது.

அன்று பகலில் நாகரத்தினம் கொழுந்து லாரிக்கும் மகேன் தட்டுகள் இருக்கும் நொதிப்பு அறைக்கும் மாற்றப்பட்டார்கள். மாலையில் நாகரத்தினத்தின் மனைவி சுபத்ரா சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "போன தீபாவளிக்கு மாம்பழக் கலருன்னு சொல்லி ஒரு சேல வாங்கியாந்தீங்களே, எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றாள்.

"அது மாம்பழக் கலருதான்."

"இனிமே நீங்க சொன்னா செல்லாது. கவர்மெண்டு சீல் மாதிரி போட்டுக் குடுத்துட்டானுங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் சீண்டவில்லை.

மறுநாள் டெஸ்மண்ட் லேப்டாப்பைத் திறந்து காணொளியை ஓட்டிப் பார்த்தான். பச்சை முகத்தைக் கண்டதும் "அலாமாக்" என்று மலாயில் அதிர்ந்தான். லாரியடியில் நின்ற நாகரத்தினத்தை ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதுலதான் கோளாறு. வீடியோவ ஓட்டிக் காட்டுறதுக்கு உள்ள கிராஃபிக்ஸ் டிரைவர்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு. ஞாயித்துக்கெழம அது தானா அப்டேட் ஆயிருக்கு. புதுசு இந்த லேப்டாப்புக்குச் சேரல. திரும்பப் பழசுக்கே மாத்திட்டா போதும். மூணு நிமிஷ வேலை லா."

"அப்ப மாத்துங்க."

டெஸ்மண்ட் மாற்றப் போனான். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அது தலைமையகத்தில் இருந்தது. தலைமையகத்துக்குப் போன் செய்தான். உதவி மையத்தில் கரேன் என்ற பெண் எடுத்தாள். குரல் இனிமையாக இருந்தது. கடவுச்சொல் தருவதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 'கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகக் கையாளுதல்' என்ற பயிற்சிக் காணொளியைப் பார்த்துத் தேறியிருந்தால் போதும். அதையும் அந்த லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். டெஸ்மண்ட் பார்த்தான். 'எந்த நிறப் பொத்தானை ஒருபோதும் அழுத்தக் கூடாது?' என்பது முதல் கேள்வி. தேறவில்லை.

ஆகவே முறைப்படி புகார் பதிவானது. எண் 4471. வேறு கணினியில் பரீட்சை எழுதலாமா என்று கேட்டதற்குப் பதிவுபெறாத கருவியில் தெரியும் நிறங்களைக் கம்பெனி அங்கீகரிப்பதில்லை என்று பதில் வந்தது. கோளாறுக்குச் சான்றாகத் திரையின் படத்தை அனுப்பச் சொன்னாள் கரேன். டெஸ்மண்ட் பொத்தானை அழுத்தித் திரையைப் படமாக எடுத்து அனுப்பினான். சற்று நேரத்தில் போன் வந்தது.

"சார், படம் ரொம்ப அழகா இருக்கே? முகம் நல்ல நிறம், தொப்பி மஞ்சள். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மேடம், படமா புடிச்சா நல்லாத்தான் இருக்கும். கோளாறு வீடியோவுல இல்ல, ஓட்டிக் காட்டுற எடத்துல. நீங்க புடிக்கச் சொன்ன படத்த அதுக்கு முன்னாடியே லேப்டாப் எடுத்துடுது."

"அப்ப நீங்க அனுப்புன சான்றுப்படி கோளாறு இல்லன்னு எழுதிக்கிறேன்."

டெஸ்மண்ட் தன் கைபேசியால் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். அதில் பச்சை முகம் பச்சையாகவே இருந்தது. மாலையில் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கம்பெனித் திரையைப் புகைப்படம் எடுப்பது தகவல் பாதுகாப்பு விதி பதினான்குக்கு எதிரானது. படம் அழிக்கப்பட்டுவிட்டதால் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றும் கடிதம் உறுதியளித்தது.

பிறகு கரேன் தொலைவிலிருந்தே லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தாள். "இங்க நல்லா தெரியுதே சார்."

"அங்க நல்லாத்தான் தெரியும். இங்க வந்து பாருங்க மேடம். ஒரு நாள் வந்தீங்கன்னா ஸ்ட்ராபெரி வேற வாங்கித் தர்றேன்."

"நாங்க எங்கயும் வர்றது இல்ல சார். நாங்க தொலைதூர உதவிப் பிரிவு."

ஏழாம் நாள் புகார் 4471 தானாக மூடிக்கொண்டது. 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு செய்தியும், சேவையில் எவ்வளவு மகிழ்ச்சி அடைந்தீர்கள் என்று ஐந்து நட்சத்திரங்களும் வந்தன. டெஸ்மண்ட் இரண்டு மூன்றாகப் புதிய புகார்கள் போட்டான். அவையும் ஏழாம் நாள் தீர்ந்தன.

இடையில் நாகரத்தினம் தானா ராத்தா டவுனுக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் புள்ளிப் படங்கள் கொண்ட புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். கடைசிப் பக்கம் வரை ஒன்றும் தப்பவில்லை. நற்சான்று எழுதித் தந்தார். மேனேஜர் புவனேஸ்வரன் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தார். பதில் மரியாதையாக இருந்தது: டாக்டர் சோதித்தது ஊழியரின் கண்ணை, கம்பெனி சோதித்தது ஊழியரின் கண் கம்பெனியின் திரையில் எப்படி வேலை செய்கிறது என்பதை, இரண்டும் வேறு துறைகள்.

"என்னாங்க தொர இது?" என்றார் நாகரத்தினம் மேனேஜரிடம்.

புவனேஸ்வரன் நல்ல மனிதர். ஜன்னல் வழியாக மலைச்சரிவைப் பார்த்தார். "நாகரத்தினம், எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சத வச்சி நான் கையெழுத்துப் போட முடியாது. மேல இருந்து வந்தத வச்சித்தான் போட முடியும்."

நொதிப்பு அறையில் நிலைமை வேறு விதமாக இருந்தது. முதல் வாரத்துத் தேயிலையைச் சுவை பார்த்தவர்கள் 'வேகவைத்த புல்' என்று குறிப்பு அனுப்பினார்கள். அன்று மதியம் மகேன் லாரியடிக்கு வந்து நாகரத்தினத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. எனக்குச் சின்னப் புள்ளையிலேர்ந்தே செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ஸ்கூல்லயே டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்க."

நாகரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பின்ன எப்படிரா முப்பதுக்கு முப்பது எடுத்த?"

"எனக்கு எப்பவுமே கலர் தெரியாதுல்ல? அதனால நான் எதையும் பாத்துச் சொல்றதில்ல. தீயணைக்கிற சாமான் செவப்புன்னு ஊருக்கே தெரியும். தொப்பி மஞ்சள். முதலுதவிப் பெட்டி வெள்ள, அதுல பச்ச. தெரிஞ்சத போட்டேன். நீங்க ஏண்ணே கண்ண நம்புனீங்க?"

நாகரத்தினம் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு நடந்தது. லாரி நிற்கும் இடத்துக்கும் நொதிப்பு அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். மகேன் ஒரு கைப்பிடி இலையைச் சிறு தட்டில் வைத்து அதன் வழியே நீட்டுவான். நாகரத்தினம் சாக்கைத் தோளில் வைத்தபடியே எட்டிப் பார்ப்பார். "இன்னும் பத்து நிமிசம்" என்பார். தேயிலை திருந்தியது. தலைமையகத்தின் அறிக்கை, சான்றிதழ் பெற்ற புதிய ஊழியர் விரைவாகத் தேறிவருவதாகவும், இது டிஜிட்டல் பரீட்சையின் வெற்றி என்றும் சொன்னது. அந்த வெற்றி நாகரத்தினத்தின் முப்பது நாளில் இருபதைத் தின்றிருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் டிஜிட்டல் மாற்றப் பிரிவின் தலைவர் குகனேஸ்வரன் நேரில் வந்தார். ஹெதர்டனிலிருந்து ஒரே விஷயமாகப் பதினொரு புகார்கள் வந்து, பதினொன்றும் தீர்க்கப்பட்டிருந்தன. இவ்வளவு வெற்றிகரமாக உதவி பெற்ற ஒரு தோட்டத்தை நேரில் பார்த்துப் பாராட்ட விரும்பினார். காரிலிருந்து இறங்கியவரைக் கண்டதும் நாகரத்தினம் டெஸ்மண்டின் காதில், "கிராணியாரே, அந்த வீடியோ ஆளு. நல்ல நெறமாத்தான் இருக்காரு" என்றார்.

ஆபீஸ் ஹாலில் நாற்காலி போட்டார்கள். குகனேஸ்வரன் பேசினார்.

"எங்கள் பிரிவில் இன்றுவரை தீர்க்கப்படாத புகார் என்று ஒன்றுகூட இல்லை. எப்படி என்று மற்ற கம்பெனிகளில் கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. தீர்க்கப்படாத புகாரை நாங்கள் ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை." கைதட்டலுக்காக நிறுத்தினார். தட்டினார்கள். "சிலர் சொல்கிறார்கள், லேப்டாப்பை ஒரு தடவை வந்து பாருங்கள் என்று. நாம் ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க ஆரம்பித்தால் டிஜிட்டல் மாற்றம் எதற்கு? நேரில் பார்ப்பது பழைய காலத்து வழி. அதில் பார்ப்பவரின் கண் குறுக்கே வந்துவிடும்." மேலும் ஒரு நல்ல செய்தி சொன்னார். பரீட்சையில் யாரும் ஊகித்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக அவரே மேற்பார்வை செய்து இரண்டாம் பதிப்பு தயாரித்திருந்தார். அதில் தீயணைக்கும் கருவி இல்லை. குடைகள், பலூன்கள், சட்டைகள், சைக்கிள்கள். எது எந்த நிறத்திலும் இருக்கலாம். கண் நன்றாக இருப்பவர் மட்டுமே தேற முடியும்.

அந்த இரண்டாம் பதிப்பை நாகரத்தினம் அங்கேயே எழுதினார். அதுதான் மேல்முறையீடு. திரையில் கீற்றுக் கீற்றான பலூன்கள் பறந்தன. முப்பதுக்கு ஒன்று.

"வருந்துகிறேன்" என்றார் குகனேஸ்வரன். "இயந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாது."

நாகரத்தினம் எழுந்து நின்றார். அவர் பொதுவில் பேசி யாரும் கேட்டதில்லை. "சார், நான் பொய் சொல்லி எழுதியிருந்தா இந்நேரம் என் எடத்துல இருப்பேன். பாத்தத எழுதுனேன். நாளைக்கு அந்த ரூம் எனக்கு இல்லன்னா, நீங்க ஒரு தடவ அந்தப் பொட்டிய பாத்துட்டாவது சொல்லுங்க."

டெஸ்மண்ட் பணிவாக எழுந்தான். "சார், ஒரு யோசனை. நீங்களே ஒரு தடவை எழுதிக் காட்டுங்க. நீங்க முப்பது எடுத்துட்டா, லேப்டாப் நல்லா இருக்குன்னு அண்ணனே கையெழுத்துப் போட்டுருவாரு. அப்புறம் புகாரே வராது."

புகாரே வராது என்ற சொல் குகனேஸ்வரனுக்குப் பிடித்திருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் அவருடைய வணக்கமே வந்தது. தன் பச்சை முகத்தைத் தானே பார்த்தார். உதடு நீலமாக அசைந்தது. அவர் கால்கள் அவருக்குப் பின்னால் வந்தன. அவர் நேரே கேள்விகளுக்குப் போனார். குடை. பலூன். சட்டை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரையில் தெரிவதை எழுதலாமா, தெரியாததை எழுதலாமா என்று தடுமாறும் மனிதரின் முதுகை முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே மேற்பார்வை செய்த பதிப்பு என்பதால் ஊகிக்க வழியே இல்லை.

முப்பதுக்கு நான்கு. அச்சு இயந்திரம் சான்றிதழைத் துப்பியது.

இப்போது அவருக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. லேப்டாப் பழுது என்று ஒப்புக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மூடிய பதினொரு புகார்களும் திறக்கும். அதோடு மற்ற தோட்டங்களில் என்னென்ன திறக்கும் என்று தெரியாது. நிலுவையே இல்லாத பிரிவு என்று வாங்கிய கேடயத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். அல்லது கண் பழுது என்று ஒப்புக்கொள்ளலாம்.

குகனேஸ்வரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"உண்மையைச் சொல்லப்போனால்," என்றார், "எனக்குச் சின்ன வயதிலிருந்தே லேசாக ஒரு சந்தேகம் இருந்தது."

புவனேஸ்வரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். டெஸ்மண்ட் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். நிறம் தெரியாதவர் என்பதால் அது தேநீர்தான் என்று சொல்லியும் கொடுத்தான்.

நிறம் தெரியாத ஒருவர் நிறப் பரீட்சைப் பிரிவுக்குத் தலைவராக இருக்கலாமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, அன்று மாலை அவர் மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. நிறப் பார்வைக் குறைபாடு இனி எந்தப் பதவிக்கும் தடையில்லை. அதன் பொருட்டு இடம் மாற்றப்பட்டவர்கள் மறுநாள் காலையே தம் பழைய இடத்துக்குத் திரும்பலாம். அவர்களுடைய மன உறுதியைக் கம்பெனி பாராட்டுகிறது. ஒரே ஒரு நிபந்தனை: குறைபாடு உள்ளவர் நிறம் குறித்து முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும், சான்றிதழ் பெற்ற ஒருவர் அருகில் நின்று நிறத்தை நேரில் உறுதிசெய்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஹெதர்டனில் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெற்றவர் ஒருவர்தான்.

மறுநாள் நொதிப்பு அறையில் நாகரத்தினம் தட்டின் முன்னால் நின்றார். பக்கத்தில் புதிய பதிவேட்டோடும் பேனாவோடும் மகேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் வெகுநேரம் இலையைப் பார்த்தார்கள்.

"என்னாண்ணே நெறம்?" என்றான் மகேன் மெதுவாக.

"செம்பு."

மகேன் குனிந்து எழுதினான்: 'செம்பு. நானே பார்த்து உறுதிசெய்தேன்.' கையெழுத்துப் போட்டான். தட்டுகள் இயந்திரத்துக்குள் போயின.